ஹாரி பேட்ச்: எண்பது வருடம் வாய் திறக்காத ஒரு பிளம்பர்

கேள்வி: முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று சண்டை போட்டவர்களில் கடைசியாக இறந்தவர் ஹாரி பேட்ச் என்கிறார்கள். கட்டிய மனைவியிடம்கூடப் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம், யாரையும் கொல்லவும் இல்லையாம். நம்பும்படியாகவா இருக்கிறது? 111 வயது வரை இருந்தார் என்பதைத் தவிர அவரிடம் கொண்டாட என்ன இருக்கிறது?

பதில்:

முதல் விஷயத்தை முழுசாக நம்பலாம். மனைவியிடம் சொல்லவில்லை என்பதை அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார், பதிவும் இருக்கிறது. யாரையும் கொல்லவில்லை என்பது மற்றவர்கள் அவருக்காகக் கொஞ்சம் இழுத்துச் சொல்வது, அதற்கு அப்புறம் வருகிறேன். கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இத்தனை வயது இருந்தார் என்பதற்காக மட்டும் அவரை நினைத்தால் அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றே எனக்குப் படுகிறது. கண்ணெதிரே போன மூன்று நண்பர்களுக்காகத் தொண்ணூறு வருடத்துக்கும் மேல் துக்கம் காத்தவர் அவர். நடுவில் குழாய் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், ஊரில் குண்டு விழுந்தபோது தீயணைக்க ஓடினார். நான் அவரை நினைப்பது இதற்காகத்தான்.

பிறந்தது 1898 ஜூன் 17. இங்கிலாந்தின் மேற்கே, பாத் நகரை ஒட்டிய கூம் டவுன் என்ற ஊர். பாத் நகரத்துக் கட்டடங்களின் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அதை வெட்டியெடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. அப்பா கொத்தனார், கல் வேலையில் கைதேர்ந்தவர். மூன்று பையன்களில் ஹாரி கடைக்குட்டி. 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு பிளம்பரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அடுத்த வருடமே போர் வந்துவிட்டது. அண்ணன் வில்லியம் ஏற்கெனவே ராணுவத்தில் இருந்தவர், மான்ஸ் சண்டையில் காயப்பட்டு வந்தவர். பதுங்குகுழி என்றால் என்ன, சேறு என்றால் என்ன, எலி என்றால் என்ன என்று தம்பிக்கு நேரடியாகவே சொல்லிவிட்டார். அதனால் 1914-இல் கொடி பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பையன்களின் உற்சாகம் ஹாரிக்கு ஒருநாளும் வரவில்லை. போக வேண்டும் என்று தனக்குத் துளியும் ஆசை இருந்ததில்லை என்று அவர் கடைசி வரை சொன்னார். ஆனால் 1916-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டதே. 18 முடிந்த சில மாதத்தில், அந்த அக்டோபரில், ஓலை வந்தது, போனார்.

1917 ஜூனில், 19 வயதில், பிரான்ஸில் இறங்கினார். கார்ன்வால் கோமகனின் இலகு காலாட்படை என்ற படைப்பிரிவின் 7-ஆவது பட்டாலியனில், லூயிஸ் துப்பாக்கிக் குழு ஒன்றில் சேர்த்தார்கள். இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், அவர் வாழ்க்கை முழுவதும் இந்த ஐந்து பேரைச் சுற்றியே இருக்கிறது. லூயிஸ் துப்பாக்கி என்பது ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இயந்திரத் துப்பாக்கி, எடை 13 கிலோ இருக்கும். மேலே வட்டத் தட்டு மாதிரி ஒன்று உட்காரும், அதில் 47 தோட்டா. அது சில நொடியில் காலியாகிவிடும். முதல் ஆள் சுடுவார். இரண்டாம் ஆள் பக்கத்தில் படுத்துக்கொண்டு காலித் தட்டைக் கழற்றி நிறைந்த தட்டை மாட்டுவார், துப்பாக்கி சிக்கிக்கொண்டால் உடனே சரிசெய்வார், உதிரிப் பாகங்கள் இருக்கும் பையையும் அவர்தான் சுமப்பார். மற்ற மூன்று பேர் தோட்டாத் தட்டுகளைச் சுமந்து வருவார்கள். ஹாரி இரண்டாம் ஆள். முதல் ஆள் பாப். சுமந்து வந்த அந்த மூன்று பேரைத்தான் அவர் கடைசி வரை மறக்கவில்லை.

வீட்டிலிருந்து ஹாரிக்கு அம்மா அனுப்பும் பொட்டலம் வந்தால் அது ஐந்து பேருக்கும் சொந்தம். புகையிலை பாப்புக்கு, அவர் பைப் பிடிப்பவர். சிகரெட்டை மற்றவர்கள் எண்ணிப் பிரித்துக்கொள்வார்கள். வீட்டுக் கடிதத்தில் வந்த கவலை, காதலியோடு வந்த மனஸ்தாபம் எல்லாவற்றையும் ஒளிவில்லாமல் பேசிக்கொள்வார்கள். ஜூனில் இறங்கியவர் செப்டம்பரில் காயப்படும் வரை ஒரு குளியல் கிடையாது, மாற்றுத்துணி கிடையாது, உடம்பு முழுக்கப் பேன். அந்த மாதிரி இடத்தில் பக்கத்தில் படுத்திருப்பவன் கூடப்பிறந்தவனைவிட நெருக்கமாகிவிடுவான் என்பதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை.

அந்தக் குழு தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டது. முடிந்தவரை ஆளைக் கொல்வதில்லை, தாழ்வாகச் சுடுவது, காலில் சுடுவது. இங்கேதான் உங்கள் இரண்டாவது சந்தேகம் வருகிறது. இயந்திரத் துப்பாக்கியால் இருட்டிலும் புகையிலும் சுடும்போது எந்தத் தோட்டா யாரை என்ன செய்தது என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? அதனால் "அவர் யாரையும் கொல்லவில்லை" என்று எழுதுவது சரியில்லை. கொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள், அந்த முடிவைக் காப்பாற்றப் பார்த்தார்கள், அவ்வளவுதான் சொல்லலாம். என்னைக் கேட்டால் அதுவே சின்ன விஷயம் இல்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு முறை அந்த முடிவுக்கு நேரடிச் சோதனை வந்தது. துப்பாக்கியில் செருகிய கத்தியோடு ஒரு ஜெர்மானியச் சிப்பாய் இவர்களை நோக்கி ஓடி வந்தான். ஹாரி கையில் ரிவால்வர். முதல் குண்டை வலது தோளில் சுட்டார், அவன் கையிலிருந்த துப்பாக்கி விழுந்தது. ஆனாலும் ஏதோ கத்திக்கொண்டே வந்துகொண்டிருந்தான். முடிவெடுக்க நாலைந்து நொடிதான் இருந்தது என்கிறார். ரிவால்வரில் குண்டு இருக்கிறது, இந்தத் தூரத்தில் குறி தப்பாது. கணுக்காலுக்கு மேலே ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று. விழுந்துவிட்டான். அவன் பிழைத்தானா, சிறைபிடிக்கப்பட்டானா என்று ஹாரிக்குக் கடைசி வரை தெரியாது. நூறு வயதுக்கு மேல் இதைச் சொல்லும்போதும், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கலாம் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

அவர் நின்ற இடம் பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு வெளியே. பாஷன்டேல் என்று பிரிட்டிஷ்காரர்கள் இன்றைக்கும் ஒருவித நடுக்கத்தோடு சொல்லும் சண்டை, 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை. அது தாழ்வான களிமண் பூமி. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வடிகால் வெட்டி வெட்டித்தான் அந்த நிலத்தை உலர வைத்திருந்தார்கள். சண்டைக்கு முன்னாலேயே பிரிட்டிஷ் பீரங்கிகள் 40 லட்சத்துக்கும் மேல் குண்டுகளைக் கொட்டி அந்த வடிகால்களை எல்லாம் சின்னாபின்னமாக்கிவிட்டன. அப்புறம் ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லை. காயம்பட்டு விழுந்தவர்கள் குண்டு விழுந்த பள்ளத்தில் மூழ்கியே செத்தார்கள். இரு தரப்பிலும் சேர்த்து மாண்டவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் கணக்கு ஐந்து லட்சம் அளவுக்கு வரும். கைப்பற்றிய நிலம் சில மைல்.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஹாரியின் பட்டாலியன் ஸ்டீன்பேக் என்ற ஓடையைத் தாண்டி லாங்கமார்க் கிராமத்தின் மேல் பாய்ந்தது. எழுந்து முன்னே போனபோது பயமே இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் பச்சைப் பொய்யன் என்பார் ஹாரி. அந்தத் தாக்குதலின்போது, தங்கள் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு பையன் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து கிடந்ததை இவர்கள் பார்த்தார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: என்னைச் சுட்டுவிடு. ரிவால்வரை எடுக்கக்கூட நேரமில்லை, அதற்குள் உயிர் போய்விட்டது. போகும்போது "அம்மா" என்றான். அது வலியில் கத்தியது இல்லை, யாரையோ பார்த்த சந்தோஷத்தில் சொன்னது மாதிரி இருந்தது என்று ஹாரி அடித்துச் சொல்வார். சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்று அன்றைக்கு நம்பத் தொடங்கியவர், கடைசி வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. மதம், சபை பற்றியெல்லாம் அவருக்கு வேறு சந்தேகங்கள் இருந்திருக்கலாம், இந்த ஒன்றில் இல்லை.

இன்னொன்றும் சொல்வார். இறந்தவன் சட்டைப்பையிலிருந்த ஒரு பிஸ்கட்டுக்காக இரண்டு தெருநாய்கள் அடித்துக்கொண்டதைப் பதுங்குகுழியிலிருந்து பார்த்தார்களாம். நாகரிகம் தெரிந்த இரண்டு தேசங்கள் என்று சொல்லிக்கொண்டு நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று 19 வயதுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது.

செப்டம்பர் 22. நமக்கு அந்தத் தேதி என்றால் எம்டன்தான், 1914-இல் அதே நாள் இரவில்தான் அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு போட்டது. சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதி இரவு, முன்வரிசையிலிருந்து மாற்றிவிடப்பட்டு ஹாரியின் குழு வெட்டவெளியைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இரவு பத்தரை இருக்கும். தலைக்கு மேலே ஒரு குண்டு வெடித்தது. ஹாரி தூக்கி எறியப்பட்டார். அடிவயிற்றில் ஏதோ பட்டதும் ரத்தம் வருவதும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தோட்டா சுமந்து வந்த மூன்று பேர் நின்ற இடத்தில் புதைக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்களை அந்தப் பகுதியில் இரண்டு பெரிய நினைவிடங்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஈப்ர் நகரின் மெனின் வாயிலில் 54,000-க்கும் மேல் பெயர்கள், அதில் நம் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. அங்கே இடம் போதாமல் 1917 ஆகஸ்ட் நடுவுக்கு அப்புறம் காணாமல் போன பிரிட்டிஷ்காரர்களை டைன் காட் சுவரில் சேர்த்தார்கள், அது சுமார் 35,000. ஹாரிக்கு அந்த மூன்று பேர் அந்தப் பெரிய எண்ணுக்குள் ஒருநாளும் போகவில்லை.

அவருக்கு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகாமில் மயக்க மருந்து தீர்ந்துவிட்டது. இரண்டு நிமிடம் தாங்கிக்கொள்வாயா என்று டாக்டர் கேட்டார். நாலு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, சுமார் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை அறுத்து எடுத்தார்கள். நினைவுக்கு வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். திரும்பப் போர்முனைக்குப் போக வேண்டிய அவசியம் வருவதற்குள், 1918 நவம்பரில், போர் முடிந்துவிட்டது.

உடம்பு தேறிக்கொண்டிருந்த நாட்களில் சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் ஆடா பில்லிங்டன் என்ற பெண்ணைப் பார்த்தார். ஓடி வந்த ஹாரி ஆடாமேல் மோதிக் கீழே தள்ளிவிட்டதில்தான் பழக்கமே. 1919 செப்டம்பர் 13-இல் கல்யாணம். அந்தத் தேதியைக் கவனியுங்கள், மூன்று பேர் செத்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால். கல்யாண நாள் கொண்டாடி முடித்த கையோடு ஒவ்வொரு வருடமும் அந்த இன்னொரு நாளும் வந்திருக்கும். ஆடா 1976-இல் இறந்தார். ஐம்பத்தேழு வருடத் தாம்பத்தியம். அதில் ஒருநாள்கூட ஹாரி போரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கும்போது ஏதோ இருண்டுபோன மனிதர் மூலையில் உட்கார்ந்திருந்தார் என்று கற்பனை செய்துவிடக் கூடாது. ஹாரி நல்ல வேலைக்காரர். அந்தக் காலத்தில் பிளம்பர் வேலை என்பது ஈயத்தை உருக்கிக் கையால் பதமாக இணைப்புப் போடுவது, நிதானம் இல்லாதவனுக்கு அது வராது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடம் என்று ஒரு பெரிய கோபுரம் இருக்கிறது, சுமார் 65 மீட்டர் உயரம். நம் ஊரில் பெட்டிக்கடை தோறும் விற்ற வில்ஸ் சிகரெட், அதே குடும்பத்தின் பணத்தில் எழுந்தது. போரிலிருந்து வந்ததும் பல வருடம் அந்தக் கட்டடத்தில் குழாய் வேலை பார்த்தவர்களில் ஹாரியும் ஒருவர். 1925-இல் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து திறந்துவைத்தார். அப்புறம் சுகாதாரப் பொறியியல் தேர்வு எழுதித் தேறினார், தான் வேலை பார்த்த நிறுவனத்தில் மேலாளர் அளவுக்கு உயர்ந்தார். டென்னிஸ், ராய் என்று இரண்டு மகன்கள். 65 வயதில் ஓய்வு. ஊரில் யாரைக் கேட்டாலும் "பிளம்பர் பேட்ச்" என்றுதான் சொல்லியிருப்பார்கள், பழைய சிப்பாய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வயது 41, அழைப்பு வரவில்லை. ஆனால் பாத் நகரத் தீயணைப்புப் படையில் பகுதிநேரமாகச் சேர்ந்துவிட்டார். 1942 ஏப்ரல் கடைசியில் ஜெர்மானிய விமானங்கள் இரண்டு இரவு பாத் நகரை அடித்தன, 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குண்டு வெடிக்கும் வெளிச்சத்தைக் கண்டாலே உடம்பு நடுங்க வேண்டிய மனிதர், அந்த இரவுகளில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. யாரும் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

ஏன் பேசவில்லை? அவர் சொன்னதை வைத்து நான் புரிந்துகொண்டது இது. பேசினால் அந்த இரவு வீட்டுக்குள் வந்துவிடும். போர்ப் படம் பார்க்க மாட்டார், பழைய வீரர்கள் கூடும் சங்கங்கள் பக்கம் போக மாட்டார். அவருக்கு அது கடந்துபோன விஷயம் ஆகியிருந்தால் எப்போதாவது பேச்சுவாக்கில் வந்திருக்கும். கடந்து போகாததால்தான் கதவைச் சாத்தி வைத்தார். அந்தக் காலத்து ஆண்கள் அழுத்தக்காரர்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. போர் அதிர்ச்சி என்பதைக் கோழைத்தனத்தோடு சேர்த்துப் பேசிய காலம் அது, பிழைத்து வந்தவனிடம் உட்கார்ந்து கேட்க ஆளும் இல்லை. மனைவி பிள்ளைகளுக்கு ஒரு சாதாரண வீடு கிடைக்கட்டும் என்று அவர் நினைத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அது சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆடா கேட்டிருக்க மாட்டாரா, அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்திருக்க மாட்டாரா என்று தோன்றத்தான் செய்கிறது.

ஆடாவுக்கு அப்புறம் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், அந்த மனைவியும் சீக்கிரமே போய்விட்டார். மகன்கள் இருவரும் அவருக்கு முன்னாலேயே இறந்துவிட்டார்கள். நூறு வயதை நெருங்கும்போது வெல்ஸ் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். அங்கே ஒரு சாதாரண விஷயம் நடந்தது. அவர் அறைக்கு எதிரே துணிகள் வைக்கும் சின்ன அறை. ராத்திரி பணியாளர் வந்து அங்கே விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சம் இவர் ஜன்னலில் பளிச்சென்று அடிக்கும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அது குண்டு வெடிக்கும் வெளிச்சம். எண்பது வருடம் பூட்டியிருந்தது அப்படித் திறந்துகொண்டது.

அதே சமயம், 1998-இல், நூறு வயது முடிந்த போர் வீரர்களைத் தேடி பிபிசிக்காரர்கள் வந்து பேட்டி கேட்டார்கள். தன்னைப் போல மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேசத் தொடங்கினார். அந்தப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். சாமர்செட் பக்கத்து இழுவைப் பேச்சு, மெதுவாக, ஒரு வார்த்தையைக்கூட வீணாக்காமல் பேசுவார், செப்டம்பர் 22 வந்ததும் குரல் உடைந்துவிடும்.

1999-இல் பிரான்ஸ் அரசு உயிரோடிருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது. அதை அவர் தன் மூன்று நண்பர்களுக்கு என்றே ஏற்றுக்கொண்டார். 2004 நவம்பரில் பெல்ஜியத்துக்குத் திரும்பிப் போனபோது சார்ல் குன்ஸ் என்ற 107 வயதுக்காரரைச் சந்திக்க வைத்தார்கள். அல்சாஸ் பகுதிக்காரர், அந்தப் பகுதி அப்போது ஜெர்மனி வசம் இருந்ததால் ஜெர்மானியச் சிப்பாயாக அதே பாஷன்டேலில் எதிர்ப்பக்கம் நின்றவர். ஒரு ஜெர்மன் வீரரைப் பார்ப்பதா என்று ஹாரிக்கு முதலில் தயக்கம்தான். பார்த்ததும் போய்விட்டது. அவர் தன் ஊர் பிஸ்கட் கொண்டு வந்திருந்தார், இவர் தன் ஊர் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொண்டு போயிருந்தார். ரொம்ப நல்ல மனிதர் என்று அப்புறம் சொன்னார்.

போரைப் பற்றி அவர் பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது. போர் என்பது திட்டம் போட்டுச் செய்யும் கொலை, வேறொன்றும் இல்லை என்றார். எங்களை அனுப்பி வைத்த அரசியல்வாதிகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து உங்கள் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்க வேண்டும் என்றார். நவம்பர் 11 அஞ்சலி நிகழ்ச்சிகள் வெறும் காட்சி என்றும் சொன்னார், பிரிட்டனில் அப்படிச் சொல்ல அவரைத் தவிர வேறு யாருக்கும் துணிவு வந்திருக்காது. அவருக்கு அஞ்சலி நாள் செப்டம்பர் 22, அன்றைக்கு யாரோடும் இல்லாமல் தனியாக இருப்பார். ஆனாலும் 2008 நவம்பர் 11-இல், போர் முடிந்த தொண்ணூறாவது ஆண்டுக்கு, சக்கர நாற்காலியில் லண்டன் நினைவுத்தூணுக்கு வந்தார். அந்தப் போரில் இருந்து மிஞ்சிய இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். ஹென்றி அலிங்ஹாமுக்கு வயது 112, ஹாரிக்கு 110, பில் ஸ்டோனுக்கு 108. விமானப்படை, தரைப்படை, கடற்படை என்று ஆளுக்கு ஒன்றின் சார்பில் மலர்வளையம். அவரிடம் முரண்பாடு இருக்கிறது என்று சிலர் இதைக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூப்பிட்டபோது போகாமல் இருந்தால் அந்த மூன்று பேருக்காக நிற்க வேறு யாரும் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவர் செய்த காரியம்தான் முக்கியம். ஸ்டீன்பேக் ஓடைக் கரையில், 1917 ஆகஸ்ட் 16 விடியலில் தன் பட்டாலியன் தண்ணீரைத் தாண்டிய இடத்தில், ஒரு கல் நட்டார். மாண்ட தோழர்களின் நினைவாக என்று அதில் இருக்கிறது, கூடவே தன் ராணுவ எண்ணும் தான் லூயிஸ் துப்பாக்கிக்காரன் என்பதும். முந்தைய வருடம் வந்திருந்தபோது ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டத்திலும் மலர்வளையம் வைத்துவிட்டுத்தான் போனார். தன் சுயசரிதையில் வந்த பணத்தைக் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் படகுச் சேவைக்குக் கொடுத்தார். அப்படி வாங்கிய படகுக்கு அவர் பெயரோடு, முதியோர் இல்லத்தில் அவருக்குக் கடைசிக்காலத் துணையாக இருந்த டோரிஸின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

2009 ஜூலை 18-இல் அலிங்ஹாம் போனார். சரியாக ஒரு வாரத்தில், 25-ஆம் தேதி, வெல்ஸில் ஹாரி போனார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி வெல்ஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. அவர் வயதுக்கு மணி 111 முறை அடித்தது. ஒரு ராணுவ வீரரின் இறுதிச் சடங்கில் பொதுவாக என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே ஆயுதமே கூடாது, அலங்காரத்துக்கு வைக்கும் வாள்கூடக் கூடாது என்பது ஏற்பாடு. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்று நாட்டிலிருந்தும் இரண்டிரண்டு சிப்பாய்கள் சவப்பெட்டியோடு நடந்தார்கள். ஜெர்மானியத் தூதரக அதிகாரி ஒருவர் வேதாகமம் வாசித்தார். அதற்கு அப்புறம் தன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மாங்டன் கூம் கிராமத்தில், அப்பா அம்மாவும் அண்ணனும் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே புதைத்தார்கள்.

கடைசியாக, "கடைசி வீரர்" என்பதைப் பற்றி. அவருக்கு அப்புறமும் முதல் உலகப் போரில் பணியாற்றியவர்கள் உயிரோடு இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த கிளாட் சூல்ஸ் 2011 மே மாதம் ஆஸ்திரேலியாவில் இறந்தார். பெண்கள் விமானப்படையில் அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபுளோரன்ஸ் கிரீன் 2012 பிப்ரவரியில் இறந்தார். எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் பதுங்குகுழியில் நின்று சண்டை போட்டவர்களில் கடைசி ஆள் என்பதுதான் ஹாரிக்குப் பொருந்தும். அதனால் நீங்கள் எங்காவது அவரைப் பற்றி எழுதினால் "பதுங்குகுழியில்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள், பிளம்பர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.